உள்நாட்டுக் கார், இறக்குமதிக் கார்: எதை எதோடு ஒப்பிடுகிறோம்?

அமெரிக்கக் காவல்துறை வாகனம் என்றதும் நெடுங்காலம் மக்கள் மனக்கண்ணில் வந்து நின்ற கார் ஃபோர்டு கிரவுன் விக்டோரியா. நீண்ட உடல், தனிச் சட்டகத்தின் மேல் அமர்ந்த கூடு, வி8 எஞ்சின், பின்சக்கர இயக்கம் என்று அதன் ஒவ்வோர் அங்கமும் அமெரிக்க மரபைச் சேர்ந்தது. ஆனால் அந்தக் கார் 2011-இல் உற்பத்தி நிற்கும் வரை கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், செயின்ட் தாமஸ் நகருக்கு அருகில் இருந்த தொழிற்சாலையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. வேடிக்கை அதோடு முடியவில்லை. அமெரிக்க எரிபொருள் சிக்கனச் சட்டம் ஒவ்வொரு நிறுவனத்தின் கார்களையும் உள்நாட்டுக் கார்கள், இறக்குமதிக் கார்கள் என்று இரண்டு தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியும் தனித்தனியாகச் சராசரி மைலேஜை எட்ட வேண்டும் என்று விதித்திருந்தது; அமெரிக்கா, கனடா ஆகிய இரு நாடுகளின் பங்கு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தொட்டால்தான் ஒரு கார் உள்நாட்டுத் தொகுதியில் சேரும். ஃபோர்டின் இறக்குமதித் தொகுதியில் அப்போது கொரியாவில் செய்யப்பட்ட சிக்கனமான சிறிய கார் இருந்ததால், அங்கே ஒரு பெரிய காரைச் சேர்த்தாலும் சராசரி தாங்கும்; அதை இழந்த உள்நாட்டுத் தொகுதியின் சராசரியும் உயரும். ஆகவே 1990-களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் சில பாகங்களை வேண்டுமென்றே வெளிநாடுகளில் வாங்கி, பங்கை 75-க்குக் கீழே இறக்கி, கிரவுன் விக்டோரியாவைச் சட்டத்தின் பார்வையில் இறக்குமதிக் காராக மாற்றிவிட்டது.

உள்நாட்டுக் கார் நல்லதா, இறக்குமதிக் கார் நல்லதா என்று அமெரிக்காவில் அரை நூற்றாண்டாக நடக்கும் வாதத்துக்குள் நுழைய விரும்புகிறவர்கள் முதலில் இந்தக் காரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாக அந்நாட்டுக்குச் சென்று முதல் கார் வாங்க நிற்கும் தமிழர்களுக்கும் இந்த வாதம் உடனே வந்து சேரும்; "ஜப்பான் வண்டியாகப் பார்த்து வாங்கிவிடுங்கள், தலைவலி இருக்காது" என்று சொல்ல அலுவலகத்தில் ஒருவராவது இருப்பார். அந்த அறிவுரையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது எந்த உண்மை, எந்தக் காலத்து உண்மை என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதைப் பயன்படுத்த முடியாது.

'உள்நாட்டு' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு செய்திகள் ஒளிந்திருக்கின்றன. நிறுவனத்தின் தலைமையகம் எந்த நாட்டில் இருக்கிறது என்பது ஒன்று. பேச்சு வழக்கில் மக்கள் குறிப்பிடுவது பெரும்பாலும் இதைத்தான். காரை இறுதியாகப் பூட்டிய தொழிற்சாலை எங்கே இருக்கிறது என்பது இன்னொன்று. எஞ்சின், கியர்பாக்ஸ் முதலான பாகங்கள் எங்கே வடிவமைக்கப்பட்டு எங்கே செய்யப்பட்டன என்பது மூன்றாவது. 1960-களில் இவை மூன்றும் பெரும்பாலும் ஒரே நாட்டைச் சுட்டின. இப்போது அப்படியில்லை. ஹோண்டா அக்கார்டு 1982 நவம்பர் முதல் ஒஹாயோ மாநிலத்தின் மேரிஸ்வில்லில் தயாராகிறது. ஜெர்மானியப் பெருமையின் அடையாளமாகச் சிலர் ஓட்டும் பிஎம்டபிள்யூ எக்ஸ்5 தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க்கில் பூட்டப்பட்டு, அங்கிருந்து ஜெர்மனிக்கே கப்பலேறுகிறது. மறுபக்கம், ஃபோர்டு ஃபியூஷன் மெக்சிகோவின் எர்மோசியோ நகரிலிருந்து வந்தது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற ப்யூக் என்விஷன் சீனாவிலிருந்து வந்தது.

தமிழ் வாசகர்களுக்கு இதைவிட நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 2018 முதல் 2022 வரையிலான மாடல்களாக அமெரிக்காவில் விற்பனையான ஃபோர்டு எக்கோஸ்போர்ட், செங்கல்பட்டு மாவட்டத்தின் மறைமலைநகர் தொழிற்சாலையில் பூட்டப்பட்ட கார். மிச்சிகனில் இருக்கும் ஒருவர், இறக்குமதிக் காரே வேண்டாம் என்ற கொள்கையோடு ஃபோர்டு டீலரிடம் சென்று அதை வாங்கியிருந்தால், கொள்கைப்படி தோற்றுத்தான் வீடு திரும்பியிருப்பார்.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள ஓர் எளிய வழி இருக்கிறது. ஓட்டுநர் பக்கத்து முன் கண்ணாடியின் கீழ் மூலையில், டேஷ்போர்டின் மேல் சிறிய தகடொன்று பதித்திருப்பார்கள். வெளியே நின்று குனிந்து பார்த்தாலே படிக்கலாம். அதில் 17 இடங்கள் கொண்ட வாகன அடையாள எண், அதாவது வின் எண், இருக்கும். 1981 முதல் இந்த அமைப்புதான் நடைமுறை. அதன் முதல் இடம் காரைத் தயாரித்த நாட்டைக் காட்டுகிறது: 1, 4, 5 என்று தொடங்கினால் அமெரிக்கா, 2 என்றால் கனடா, 3 என்றால் மெக்சிகோ, ஜே என்றால் ஜப்பான், கே என்றால் கொரியா, டபிள்யூ என்றால் ஜெர்மனி. மறைமலைநகரின் எக்கோஸ்போர்ட்டுக்கு அந்த எண் எம்-ஏ-ஜே என்று தொடங்கும். புதிய காராக இருந்தால் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒட்டப்படும் சீட்டில், அமெரிக்க, கனடியப் பாகங்களின் விழுக்காடு, இறுதியாகப் பூட்டப்பட்ட ஊர், எஞ்சினும் கியர்பாக்ஸும் பிறந்த நாடு ஆகியவை இருக்கும். அந்த விழுக்காடு குறிப்பிட்ட மாடல் முழுவதற்கும் கணக்கிட்ட சராசரியே தவிர, நம் முன் நிற்கும் அந்த ஒரு காரின் கணக்கு அன்று.

இனி, ஜப்பானியக் கார் பழுதாகாது, அமெரிக்கக் கார் பழுதாகும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். அது வெறும் கட்டுக்கதை அன்று. சிறிய வெளிநாட்டுக் கார்களுக்குப் போட்டியாக ஜெனரல் மோட்டார்ஸ் 1970-இல் செவ்ரோலே வேகாவை இறக்கியது. எடையைக் குறைக்க எஞ்சின் பிளாக்கை அலுமினியத்தில் வார்த்தவர்கள், பிஸ்டன் உராயும் சிலிண்டர் சுவருக்கு வழக்கமாகப் போடும் இரும்பு உறையைப் போடவில்லை. அலுமினியக் கலவையில் இருக்கும் சிலிக்கான் துகள்களே தேய்மானத்தைத் தாங்கும் என்று எதிர்பார்த்தார்கள். எஞ்சின் சூடேறியபோதெல்லாம் அந்தச் சுவர் பழுதுபட்டது, எஞ்சின் எண்ணெய் குடிக்கத் தொடங்கியது. கூடவே முன்பக்கத் தகடுகள் சில ஆண்டுகளிலேயே துருப்பிடித்து ஓட்டை விழுந்தன. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து, மக்கள் சிறிய கார்களைத் தேடிக்கொண்டு வந்தபோது ஒரு பக்கம் இத்தகைய கார்களும், மறுபக்கம் எளிய கட்டமைப்பும் கவனமான தயாரிப்பும் கொண்ட டொயோட்டா, டாட்சன், ஹோண்டா கார்களும் நின்றன. அந்தத் தலைமுறை வாங்குவோர் கையைச் சுட்டுக்கொண்டு கற்ற பாடம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வாய்மொழியாக இறங்கியது.

ஜப்பானிய இறக்குமதி பெருகியதைக் கண்டு அமெரிக்கா அழுத்தம் கொடுக்க, 1981-இல் ஜப்பான் தன் ஏற்றுமதியை ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்கள் என்று தானே கட்டுப்படுத்திக்கொண்டது. எண்ணிக்கைக்கு வரம்பு வந்தவுடன் ஜப்பானிய நிறுவனங்கள் இரண்டு வேலைகள் செய்தன: ஒவ்வொரு காரிலும் கூடுதல் இலாபம் தரும் உயர்வகைக் கார்களுக்கு நகர்ந்தன, அமெரிக்க மண்ணிலேயே தொழிற்சாலைகளைக் கட்டின. நம்பகத்தன்மை நாட்டோடு வருகிறதா, வேறு ஏதாவதோடு வருகிறதா என்ற கேள்விக்கு, யாரும் திட்டமிடாமலேயே ஒரு சோதனைக்கூடம் இப்படித்தான் உருவாயிற்று.

அந்தச் சோதனையில் மிகத் தெளிவானது கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் நடந்தது. அங்கே இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை, வேலைக்கு வராமை, வேலைநிறுத்தம், மோசமான தரம் ஆகியவற்றுக்குப் பேர்போனது. 1982-இல் அதை மூடிவிட்டார்கள். பிறகு ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக அதே கட்டடத்தில் நும்மி என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 1984 டிசம்பரில் முதல் காரை வெளியே விட்டன. முக்கியமான செய்தி என்னவென்றால், புதிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள். அவர்களின் சங்கமும் அதே சங்கம். மாறியது வேலைமுறை. அவர்களில் பலரை ஜப்பானில் இருக்கும் டொயோட்டாவின் தகவோகா தொழிற்சாலைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். பழைய முறையில் வரிசை நிற்கவே கூடாது. தவறாகப் பூட்டிய கார் அப்படியே நகர்ந்து கடைசிவரை போய், பின்னால் இருக்கும் திடலில் திருத்தத்துக்குக் காத்துக் கிடக்கும். புதிய முறையில் ஒவ்வொரு தொழிலாளியின் தலைக்கு மேலும் ஒரு கயிறு ஓடியது. ஒரு போல்ட் சரியாக ஏறவில்லை என்றால் அவர் அதை இழுக்கலாம். குழுத்தலைவர் ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் தீரவில்லை என்றால் வரிசையே நிற்கும். சிறிது காலத்துக்குள் அந்தத் தொழிற்சாலையின் தரம் ஜப்பானியத் தொழிற்சாலைகளோடு ஒப்பிடும் அளவுக்கு உயர்ந்தது.

வாங்குவோரின் மனநிலையையும் நும்மி அம்பலப்படுத்தியது. அங்கே டொயோட்டா கரோலா என்ற பெயரில் ஒரு கார் தயாரானது. அதன் உடன்பிறப்பு, முதலில் ஜியோ ப்ரிசம் என்றும் பிறகு செவ்ரோலே ப்ரிசம் என்றும் 2002 வரை வெளிவந்தது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சஸ்பென்ஷனும் ஒன்று, பூட்டிய கைகளும் ஒன்று. வெளித்தகடுகளிலும் சின்னத்திலும் மட்டும்தான் வேறுபாடு. ஆயினும் மறுவிற்பனையில் ப்ரிசமுக்குக் கிடைத்த விலை கரோலாவைவிடக் குறைவு. விவரம் தெரிந்தவர்கள் சத்தமில்லாமல் பழைய ப்ரிசம்களைத் தேடி வாங்கினார்கள். குறையும் பொதுவாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்: 1998-இல் வந்த புதிய 1.8 லிட்டர் எஞ்சின், அதன் தொடக்க ஆண்டுகளில், மைல் கூடக் கூட எண்ணெய் குடிக்கும் வழக்கம் கொண்டது. பிஸ்டன் வளையங்களின் இடத்திலிருந்து எண்ணெய் திரும்பி இறங்கும் துளைகள் போதாமல் அடைத்துக்கொண்டதுதான் காரணம். செவ்ரோலே சின்னம் இருந்த காரும் குடித்தது, டொயோட்டா சின்னம் இருந்த காரும் குடித்தது.

நம்பகத்தன்மை எண்களாக எப்படி நமக்கு வந்து சேருகிறது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் விளம்பரங்களில் இந்த இடத்தில்தான் நூல் விடுவார்கள். ஜே.டி. பவர் நிறுவனம் இரண்டு பெரிய ஆய்வுகளை நடத்துகிறது: ஒன்று, புதிய காரை வாங்கிய முதல் 90 நாட்களில் வந்த சிக்கல்களைக் கேட்பது, மற்றொன்று, மூன்று ஆண்டு ஓடிய கார்களைப் பற்றிக் கேட்பது. இரண்டிலும் அளவுகோல் 100 கார்களுக்கு எத்தனை சிக்கல்கள் என்பதுதான். ஒரு நிறுவனத்துக்கு 150, இன்னொன்றுக்கு 180 என்று வந்தால், தரவரிசைப் படத்தில் இடையே பத்து பெயர்கள் இருக்கக்கூடும்; ஆனால் அந்த வேறுபாட்டின் பொருள், மூன்று கார்களுக்கு ஏறத்தாழ ஒரு சிக்கல் கூடுதல் என்பது மட்டுமே. நடுவழியில் நிற்பதும் தொடுதிரை தடுமாறுவதும் அங்கே ஒரே மதிப்பெண் பெறுகின்றன. 2011-இல் ஃபோர்டு அந்த 90 நாள் ஆய்வில் 5-ஆம் இடத்திலிருந்து 23-ஆம் இடத்துக்குச் சரிந்தபோது, முக்கியமான காரணங்களில் ஒன்று எரிச்சலூட்டிய அதன் புதிய தொடுதிரை அமைப்பு. மாறாக, 2009-இல் மூன்றாண்டு ஆய்வின் முதலிடத்தை ப்யூக்கும் ஜாகுவாரும் பகிர்ந்துகொண்டன. அடிக்கடி பழுதாவதாகச் சொல்லப்படும் ஜாகுவாரின் பெயரைக் கேட்டால் சிரிக்கும் மெக்கானிக்குகள் அன்று என்ன சொன்னார்களோ!

90 நாளும் மூன்று ஆண்டும் அளப்பது தயாரிப்பின் கவனத்தையும் ஓரளவு வடிவமைப்பையும்தான். பத்து ஆண்டு ஓட்டப் போகிறவருக்குத் தேவை வேறு. ஒரு கார் எத்தனை முறை பழுதாகிறது என்பது ஒன்று. மொத்தம் எத்தனை காலம் உழைக்கிறது என்பது வேறொன்று. பழுதானால் எவ்வளவு செலவில், எத்தனை நாளில் சரியாகும் என்பது மற்றொன்று. இந்த மூன்றையும் ஒரே சொல்லுக்குள் திணித்துவிட்டுத்தான் பெரும்பாலான சண்டைகள் நடக்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸின் 3.8 லிட்டர் வி6 எஞ்சினைப் பாருங்கள். ப்யூக், போன்டியாக் கார்களில் வந்த அந்த எஞ்சின் 2 லட்சம் மைலைச் சாதாரணமாகக் கடக்கும் என்று பெயர் வாங்கியது. ஆனால் 1990-களின் நடுவில் வந்த அதன் இரண்டாம் வரிசையில், காற்றை உள்ளே அனுப்பும் மேல்பகுதி பிளாஸ்டிக்கால் ஆனது. சூட்டில் அது நைந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கசியும், கவனிக்காமல் விட்டால் எஞ்சினையே கெடுத்துவிடும். அடிக்கடி பழுதாகும் என்று ஆய்வு அதைத் தண்டித்தாலும் தவறில்லை, நெடுநாள் உழைக்கும் என்று உரிமையாளர் புகழ்ந்தாலும் தவறில்லை. அந்தப் பாகம் மலிவு, எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும், எல்லா மெக்கானிக்குக்கும் அதை மாற்றத் தெரியும். இதே வகைக் கசிவு ஓர் ஐரோப்பிய உயர்வகைக் காரில் வந்தால், பாகத்தின் விலையும் அதை எட்டுவதற்குக் கழற்ற வேண்டியவற்றின் கூலியும் சேர்ந்து கதையை வேறாக்கிவிடும்.

மேலே சொன்னவற்றைக் கூட்டிப் பார்த்தால் ஒன்று புலப்படும்: பழுது ஒரு நாட்டில் குடியிருப்பதில்லை, ஒரு பாகத்தில் குடியிருக்கிறது. ஃபோர்டின் 1 லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சினில், எண்ணெய்ப் பம்பை ஓட்டும் பெல்ட்டின் இறுக்கி பிடிவிட்டுப்போகும் குறைக்காக அமெரிக்காவில் கார்களைத் திரும்ப அழைத்தபோது, அந்தப் பட்டியலில் மறைமலைநகர் எக்கோஸ்போர்ட்டும் மிச்சிகனில் பூட்டிய ஃபோகஸும் ஒன்றாகவே நின்றன. பூட்டிய ஊரை வைத்து அதைக் கணித்திருக்க முடியாது. எதிர்த்திசையிலும் எடுத்துக்காட்டு உண்டு. 2015-இல் ஹுண்டாய் 2011, 2012-ஆம் ஆண்டு மாடல் சொனாட்டாக்களில் ஏறத்தாழ 4,70,000 கார்களைத் திரும்ப அழைத்தது. பிஸ்டன்களால் சுழலும் எஞ்சின் தண்டான கிராங்க்‌ஷாஃப்டைக் கடைந்தபோது உண்டான உலோகத் துகள்கள் முழுமையாக நீக்கப்படாமல், பேரிங்குகளுக்கு எண்ணெய் செல்லும் வழியை அடைத்தன என்பதே சொல்லப்பட்ட காரணம். கடைசல் வேலை நடந்த இடம் கொரியா அன்று, அலபாமா. கொரியக் கார் கெட்டுவிட்டது என்று சொல்வதா, அமெரிக்கத் தயாரிப்பு கெட்டுவிட்டது என்று சொல்வதா? ஒரு குறிப்பிட்ட எஞ்சின், குறிப்பிட்ட ஆண்டுகளில், குறிப்பிட்ட காரணத்தால் கெட்டது என்பது மட்டுமே பயனுள்ள வாக்கியம்.

செயல்திறனுக்கு வந்தால், நாட்டுக்கு ஒரு பங்கு உண்மையிலேயே உண்டு. ஆனால் அது திறமையின் பங்கு அன்று, வரியின் பங்கு. ஜப்பானில் காரின் ஆண்டு வரி எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்து 500 சிசிக்கு ஒரு படியாக ஏறுகிறது. ஆகவே அங்கே பொறியாளரின் கவனம் முழுவதும் சிறிய எஞ்சினிலிருந்து அதிகத் திறனைப் பிழிந்தெடுப்பதில் சென்றது. இந்தியாவில் 4 மீட்டர் நீளம், 1,200 சிசி பெட்ரோல் என்ற வரி எல்லை எத்தனை கார்களின் வாலை வெட்டியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அதே விதிதான் அங்கும். அமெரிக்காவில் கொள்ளளவுக்கு அப்படியொரு வரி இல்லை, பெட்ரோலும் மலிவு, சாலைகள் நீளம். எஞ்சினைப் பெரிதாக்குவதே அங்கே எளிய வழி.

2000-ஆம் ஆண்டின் இரண்டு கார்களை அருகருகே நிறுத்தினால் இது விளங்கும். ஹோண்டா எஸ்2000 காரின் 2 லிட்டர் எஞ்சின் 240 குதிரைத்திறன் தந்தது, அதாவது லிட்டருக்கு 120. ஆனால் அதைப் பெற எஞ்சினை நிமிடத்துக்கு 8,300 சுற்று வரை விரட்ட வேண்டும். செவ்ரோலே கார்வெட்டின் 5.7 லிட்டர் வி8 தந்தது 345, அதாவது லிட்டருக்கு 60 சொச்சம் மட்டுமே. லிட்டர் கணக்கை வைத்து அமெரிக்கப் பொறியியலைக் கேலி செய்வது அக்காலத்தில் ஒரு பொழுதுபோக்கு. ஆனால் ஓட்டுபவர் லிட்டரை ஓட்டுவதில்லை. சக்கரத்தைச் சுழற்றும் முறுக்குவிசை கார்வெட்டில் ஹோண்டாவைவிட இரு மடங்குக்கும் மேல். அதுவும் குறைந்த சுற்றிலேயே கிடைத்தது. தண்டுகளால் வால்வைத் தள்ளும் பழைய அமைப்பு என்று இகழப்பட்ட அந்த எஞ்சின், மேலே வால்வுகளைத் திறக்கும் கேம்‌ஷாஃப்டுகள் இல்லாததால் உயரத்தில் சிறியதாகவும் எடை குறைந்ததாகவும் இருந்தது. நெடுஞ்சாலையில் ஆறாவது கியரில் சோம்பலாகச் சுற்றிக்கொண்டே போனதால் எரிபொருள் செலவிலும் ஹோண்டாவுக்குப் பின்தங்கவில்லை. வளைந்து நெளியும் மலைச்சாலையில் 8,000 சுற்றில் அலறும் எஞ்சினோடு விளையாடும் இன்பத்துக்கு எஸ்2000-ஐ மிஞ்ச ஆளில்லை என்பது என் எண்ணம்; அந்த இன்பத்தை எந்த அட்டவணையிலும் காண முடியாது.

ஒப்பிட உட்காரும் தொடக்கநிலை வாசகர், ஆகவே, நாட்டின் பெயரைத் தாளின் தலைப்பில் எழுதாமல், ஒரே வகை, ஒரே ஆண்டு, ஒரே பயன்பாடு உள்ள இரண்டு கார்களின் பெயரை எழுத வேண்டும். பாரம் இழுத்து வாழ்ந்த பிக்கப் ட்ரக்கை, வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் மட்டும் ஓடிய செடானோடு ஒப்பிட்டால் வரும் விடை நாட்டைப் பற்றியதாக இருக்காது, வேலையைப் பற்றியதாகத்தான் இருக்கும். அடுத்து, அந்த ஆண்டின் மாடலில் எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ் என்று பார்த்து, அவற்றின் பெயரைச் சொல்லித் தேட வேண்டும். புதிய எஞ்சினோ கியர்பாக்ஸோ அறிமுகமான முதல் ஆண்டை, எந்தச் சின்னமாக இருந்தாலும், தவிர்ப்பது நல்லது. பழைய காராக இருந்தால் சர்வீஸ் ரசீதுகளைக் கேட்க வேண்டும். வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவாக ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டை உரிய காலத்தில் மாற்றாத ஹோண்டா, ஒழுங்காக எண்ணெய் மாற்றிய ப்யூக்குக்கு முன் தோற்றுவிடும்; பெல்ட் அறுந்தால் அத்தகைய எஞ்சின்களில் பலவற்றில் வால்வும் பிஸ்டனும் மோதி மொத்தமும் போய்விடும்.

ஃப்ரீமான்ட் தொழிற்சாலை 2010 ஏப்ரலில் மூடப்பட்டு, அதே ஆண்டில் டெஸ்லாவின் கைக்கு மாறியது. அங்கே பிறந்த ப்ரிசம்களில் சில இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்காவது ஒன்று விற்பனைக்கு நிற்பதைப் பார்த்தால், செவ்ரோலே சின்னத்தைக் கவனிக்காமல் எண்ணெய் அளவுக் கம்பியை முதலில் இழுத்துப் பாருங்கள்.